சாம்பாரில் தேடிய ஊக்கு

அன்று காலை எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான். சமையல் தொழிலில் என்னோடு பாதிப் பங்கு போட்டிருந்த எதிர்வீட்டுக் கிறிஸ்தவ அக்கா. சாப்பாட்டை ஏற்றிப்போக மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு வந்திருந்த அண்ணன். என் வீட்டுக்காரர் ஆவடிக்கு முதல் ஷிப்டு போய்விட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வேறு ஒரு ஈ காக்கை கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டி வளைக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நாற்பத்தைந்து பேருக்கு மதியச் சாப்பாடு போட ஆள் தேடினார்கள். அக்கா நேராக உள்ளே போய் மேனேஜரிடம் பேசி, "ஒரு நாள் கொண்டு வாங்க, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்" என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டாள். சாப்பாடு ஒன்றுக்கு ஐந்து ரூபாய். பிடித்துப்போனால் தினமும் நாங்கள்தான். பிடிக்காவிட்டால், என் வளையலை அடகு வைத்துப் பூந்தமல்லியில் வாங்கிய அண்டாவும் குண்டானும் தகரத்துக்கு அடியில் கிடக்க வேண்டியதுதான். வளையல் போனது என் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

அக்காவுக்கு வாய் இருந்தது. எனக்குப் பயம் இருந்தது. ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். எழுதிவைத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாததால் எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். உப்புப் போட்டோமா, இரண்டு தடவை போட்டுவிட்டோமா, அரிசியில் கல் இருக்குமா, பருப்பு அடிப்பிடித்த வாசனை எனக்கு மட்டும்தான் வருகிறதா.

"நீ சமைக்கிறியா, இல்ல சாம்பாருக்கு ஜுரம் பாக்குறியா?" என்றாள் அக்கா.

இப்போதெல்லாம் மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, தொழில் பண்ண என்ன குணம் வேண்டும் என்று கேட்கிறார்கள். தைரியம் என்று சொல்வேன் என எதிர்பார்த்து முன்வரிசைப் பெண்கள் தலையாட்டத் தயாராக இருப்பார்கள். எனக்குச் சொல்ல வருவதில்லை. என்னிடம் அது இருந்ததே இல்லை.

பதினொன்றரைக்கு வண்டி கிளம்பியது. அண்டா ஆடாமல் பிடித்துக்கொண்டு அக்கா விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். வண்டியில் வைத்தால் அப்பளம் நொறுங்கும் என்று, அதைக் கூடையில் எடுத்துக்கொண்டு நான் பின்னால் நடந்து வருவதாக ஏற்பாடு.

அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தேன். முந்தானை தோளிலிருந்து வழுக்கி விழுந்தது.

காலையில் அதைத் தோளில் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தேன். தாலிக்கயிற்றில் எப்போதும் மூன்று ஊக்கு கோத்து வைத்திருப்பேன், அதிலிருந்து எடுத்தது. இப்போது தோளில் இல்லை. கயிற்றில் தடவினேன். இரண்டுதான்.

அண்டாவின் மேல் குனிந்து எத்தனை முறை துழாவியிருந்தேன்! தரையைக் கூட்டினேன். சாம்பலைக் கிளறினேன். முருங்கைக்காய் நார், வெங்காயத் தோல், ஒரு குச்சி. ஊக்கு இல்லை. மூடியிருந்தால் ஒன்று, திறந்திருந்தால் ஒன்று. அது திறந்துகொண்டுதான் விழுந்திருக்க வேண்டும். திறந்த ஊக்கு ஒருத்தன் தொண்டையில் எப்படி நிற்கும் என்று என் மனசு படம் போட்டுக் காட்டத் தொடங்கிவிட்டது. பெண்சாதி பிள்ளைகள் உள்ள நாற்பத்தைந்து பேர்.

கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எங்கள் சாப்பாட்டு வண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. சைக்கிள்காரர்கள் குனிந்து தடிக்கு அடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தார்கள். "இன்னாமா நிக்கிற, பூந்து போ, ரயிலு தூரத்துலதான் கீது" என்றான் ஒருவன். நான் ஒரு நாளும் அப்படிப் போனவள் இல்லை. அன்றும் கால் வரவில்லை. கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக, வேண்டுமென்றே மெதுவாகப் போவதுபோல் போனது. அந்தப் பக்கம் எங்கோ ஒரு கம்பெனிச் சங்கு ஊதியது. எங்கள் கம்பெனிதானா என்று தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டுக்குள் வரிசையாகத் தட்டோடு நின்றிருந்தார்கள். முதல் தட்டு மேனேஜருக்கு. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா இரண்டாவது ஆளுக்குக் கரண்டியைத் தூக்கியிருந்தாள்.

"சார், வாயில வைக்காதீங்க! அக்கா, ஊத்தாதே!"

ஷெட் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்கா வேகமாக என் பக்கம் வந்தாள். விஷயத்தைக் காதில் சொன்னேன்.

"ஏசுவே! அது வழியில எங்கனா விழுந்திருக்கும்டி. உப்புக் கூடிப்போச்சுன்னு சொல்லிடலாம். ஊக்குன்னு மட்டும் சொல்லாத. இத்தோட முடிஞ்சுது நம்ம பொழப்பு."

உப்பு என்று சொல்லலாம்தான். பரவாயில்லை என்று அவர்கள் ஊற்றிக்கொண்டால்? அந்த யோசனை முடிவதற்குள் மேனேஜர் கேட்டுவிட்டார்.

"என்னம்மா?"

"என் ஊக்கு ஒண்ணு காணோம் சார். சாம்பார்ல விழுந்திருக்குமோன்னு..."

அவர் கையைத் தட்டில் உதறினார். பிசைந்த சோற்றை விரலால் பரப்பிப் பார்த்தார். வரிசையில் முதலில் சிரிப்பு எழுந்தது.

"இன்னாக்கா, சாம்பார்ல ஊக்குன்னா ரசத்துல ஊசியா?"

"மோர்ல கத்தரிக்கோல் இருக்கும் மாமே, பார்த்துக் குடி!"

பிறகு சிரிப்பு நின்றது. பசி. அவர்களுக்கு அரைமணி நேரம்தான் சாப்பாட்டு நேரம்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். சோற்றுக் கூடையை மூடியிருந்த துணியை எடுத்து உதறினாள். ஒரு முனையை என் கையில் திணித்தாள். வண்டிக்கார அண்ணன் காலியாக இருந்த குண்டானைக் கீழே வைத்து, அண்டாவைச் சாய்த்தார். அத்தனை பேரும் பார்க்க, சாம்பாரை வடிகட்டினோம். துணியில் தங்கிய காயைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன். கை வெந்தது. முருங்கைக்காய்த் துண்டுகளைப் பிளந்துகூடப் பார்த்தேன். அண்டாவின் அடியைக் கரண்டியால் சுரண்டினேன்.

ஊக்கு இல்லை.

இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. இல்லாத ஒன்றுக்காக நாற்பத்தைந்து பேருக்கான சாம்பாரைக் கையால் அளைந்து பாழாக்கியிருந்தேன். அதை இனி யாருக்கும் ஊற்ற முடியாது. ரசம், உருளைக்கிழங்குப் பொரியல், மோர், பாதி தூளாகிப்போன அப்பளம். அதை வைத்துத்தான் சாப்பிட்டார்கள். "இதுக்கா காலைலேருந்து மிஷின்ல நின்னுகினு கீறோம்" என்று ஒருவன் தட்டைத் தள்ளினான்.

மேனேஜர் கை கழுவிவிட்டு வந்தார். "சரி வராதும்மா" என்றார். "முதல் நாளே இப்படின்னா?"

பேசியே இந்த வேலையை வாங்கிய அக்கா, அண்டாவை வண்டியில் ஏற்றப் போனாள்.

மோர் குடித்துக்கொண்டிருந்த ஒரு வயசான ஃபிட்டர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "சார், போன காண்ட்ராக்ட்காரன் கொழம்புல பல்லி கெடந்துச்சு. கேட்டா, கருவேப்பிலைன்னான். அத எடுத்துக் கடாசிட்டு அடுத்த ஆளுக்கு ஊத்துனான். இந்தம்மா இல்லாத ஊக்கைத் தேடிகினு கீது. வரட்டும் சார்."

"உனக்கு ரசம் புடிச்சுப்போச்சு, அத்த சொல்லு நைனா" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"ஆமாடா, புடிச்சுதான் போச்சு. உன் பொண்டாட்டி கட்டிக் குடுக்குற தயிர் சோத்த நீயே துன்னு."

மேனேஜர் சிரிக்கவில்லை. என் தாலிக்கயிற்றில் மிச்சமிருந்த இரண்டு ஊக்கையும் பார்த்தார். நான் அங்கேயே அவற்றைக் கழற்றி முந்தானையில் முடிந்தேன்.

"நாளைலேருந்து வாங்க" என்றார். "ஆனா இன்னிக்கிப் பணம் இப்போ தர முடியாது. சாம்பார் இல்லாத சாப்பாட்டுக்கு முதலாளி கையெழுத்துப் போட மாட்டாரு. மாசக் கடைசில எப்படியாவது சேர்த்துத் தரேன்."

திரும்பி வரும்போது அக்கா வண்டியில் ஏறாமல் என்னோடு நடந்து வந்தாள். கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தைத் தாண்டியதும் சொன்னாள்: "உன் பயத்தால போச்சுன்னு திட்டணும்னு இருந்தேன். உன் பயத்தாலதான் கெடைச்சிருக்கு. இப்ப உன்னைத் திட்டவும் முடியல, போ."

மறுநாளிலிருந்து ஆறு வருஷம் அந்தக் கம்பெனிக்குச் சாப்பாடு போட்டோம். இரண்டாம் மாதமே வளையலை மீட்டேன். அந்த மேனேஜர் மாறிப்போனார், அடுத்தவர் வந்தார், கடைசியில் கம்பெனியே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்விட்டது. போகும்போது எங்கள் கணக்கு முழுவதையும் பைசா பாக்கியில்லாமல் தீர்த்தார்கள். முதல் நாள் சாப்பாடு மட்டும் எந்த மாதக் கணக்கிலும் ஏறவில்லை. நாற்பத்தைந்து சாப்பாடு, ஐந்து ரூபாய் வீதம், இருநூற்று இருபத்தைந்து ரூபாய் அவர்கள் தர வேண்டியது இன்னும் நிற்கிறது.