ஒரு வண்டிக்கு ஒரே ஆள்

டயானாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கையுறையைக் கழற்றுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டையும் கழற்றி இடுப்பில் செருகிவிட்டாள்.

குயிலாப்பாளையத்தைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு செம்மண் திடல். மேடும் பள்ளமுமாக வளைந்து போகும் பாதை. அங்கே ஏ.டி.வி. ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அவள் வேலை. பருத்த நாலு சக்கரமும், பைக்கில் இருப்பது போல ஹேண்டில்பாரும் உள்ள வண்டி அது. பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். கவிழ்ந்தால் மூணு மூட்டை நெல் மேலே விழுந்த மாதிரிதான்.

டயானா திண்டிவனம் பக்கத்துப் பெண். அப்பா மரியஅந்தோணியின் டிராக்டரையே ஓட்டியவள். அவளையும் இந்த வண்டி முதல் நாளே பதம் பார்த்தது. ஸ்கூட்டி ஓட்டிய பழக்கத்தில் வளைவில் இடது காலைத் தரையில் ஊன்றினாள். பின்சக்கரம் கணுக்கால்மேல் ஏறிப் போனது. நம் ஊரில் இரு சக்கர வண்டி ஓட்டாதவர் யார்? வருகிறவர்கள் எல்லோரும் செய்வது இதே தப்புதான்.

அதனால் ஒவ்வொருவரிடமும் அவள் சொல்வாள்: "கால் மேலயே இருக்கணும், இன்னா ஆனாலும் கீழ வெக்கக் கூடாது. திரும்பும்போது உடம்ப உள்பக்கமா சாய்ச்சுக்குங்க. வண்டிக்கு ஒரே ஆள்தான்."

சிரிப்பார்கள். ஹெல்மெட் போட்டால் போட்டோவில் முகம் தெரியாது என்பார்கள். துப்பட்டாவை இறுக்கிக் கட்டச் சொன்னால் முறைப்பார்கள். ஒருத்தி எத்தனை பேரிடம்தான் கத்துவாள்!

அன்று விழுப்புரத்திலிருந்து காரில் வந்த கோகுலகிருஷ்ணன் தன் ஐந்து வயது மகனைத் தூக்கி வண்டியில் முன்னால் உட்கார வைத்தார். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"சார், பையன எறக்குங்க. இது ஒரு ஆள் வண்டி."

"இம்மாம் பெரிய சீட்டுல குழந்தைக்கு இடமில்லியா? நாங்க ஒரே மொபெட்ல நாலு பேரு மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய் வந்தவங்கம்மா."

"அதுக்கு ஆக்சிலேட்டர் முறுக்கணும். இதுல கட்டைவிரலால இந்தப் பட்டன அமுக்கினாலே பாஞ்சிடும். பாருங்க, உங்க பையன் கை இப்பவே அது மேலதான் இருக்குது."

"நீ இன்னா இன்ஸ்பெக்டரா? லைசென்ஸ் இருக்குதா உனக்கு?"

"டிராக்டருக்கே இருக்குது சார். எறக்குங்க."

டயானா சாவியை உருவிக்கொண்டாள். சத்தம் கேட்டுத் திடலின் முதலாளி ராஜ்குமார் ஓடி வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கண்டால் அவருக்குக் கண் தெரியாது.

"இன்னா டயானா, பேஜாரு பண்ணிக்கினு நிக்கிற? ஒரு ரவுண்டுதான? மெதுவா போவாரு, உடு."

"அண்ணே, அந்த மேட்டுல திரும்பும்போது உடம்பச் சாய்க்கணும். மடியில பையன வெச்சிக்கினு எப்படிண்ணே சாய்வாரு? கவுந்தா முதல்ல அடியில போறது பையன்தான்."

"வாயக் கழுவு! நெட்டுல தப்பா எழுதிட்டா நாளைக்கு எவன் வருவான்? சார், நீங்க போங்க." அவர் தன் பையிலிருந்து அதே வண்டியின் மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

டயானாவின் காது மடல் சூடாகிவிட்டது. ஹெல்மெட் எதற்கு? 'வண்டிக்கு ஒரே ஆள்' என்று வாசலில் பெரிய போர்டு எதற்கு? கேட்கிறவர் கேட்டால் கொடுத்துவிடுவது என்றால், அவள் எதற்கு?

கோகுலகிருஷ்ணன் சாவியைத் திருகினார். டயானா அதற்குள் முன்சக்கரத்தடியில் குந்திவிட்டாள். வால்வு மூடியைத் திருகி எறிந்து, நகத்தால் ஊசியை அமுக்கினாள். புஸ்ஸென்று காற்று இறங்கியது. "ஏய், இன்னா பண்ற?" என்று ராஜ்குமார் கத்தக் கத்த டயர் சப்பையாகிவிட்டது. விடாமல் மறுபக்கம் போய் அந்தச் சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கினாள்.

பையன் வீறிட்டு அழுதான். "அந்த ஆன்ட்டி கெட்ட ஆன்ட்டி!"

"குழந்தைய அழ வெக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்று கோகுலகிருஷ்ணன் எகிறினார்.

"அழட்டும் சார். அழறதுக்குக் கை கால் முழுசா இருக்குதில்ல?"

மனைவி போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பையனை வண்டியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தாள். கோகுலகிருஷ்ணன் திட்டிக்கொண்டே பின்னால் போனார்.

"போய் சாரி கேளு," என்றார் ராஜ்குமார்.

"நான் எதுக்குக் கேக்கணும்?"

"அப்ப நாளையிலருந்து வராத."

டயானா ஸ்கூட்டியை எடுத்தாள். திண்டிவனம் வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளேயே முதலாளியிடம் வாதாடிக்கொண்டு போனாள். தப்பு செய்யாதவள் எதற்கு வீட்டில் உட்கார வேண்டும்?

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றாள்.

"வராதன்னு சொன்னேனே," என்றார் ராஜ்குமார்.

"சொன்னீங்க," என்றாள். "பம்பு எங்கண்ணே? ரெண்டு டயருக்கும் காத்து அடிக்கணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பம்பு இருந்த கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.