எட்டு யார் துணி

ஊரில் அறிமுகமில்லாத ஓர் ஆணை நான் நிமிர்ந்தும் பார்த்ததில்லை. ரொறன்ரோவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிறம்ரனில் இருந்து வந்த லொறிக்காரர் ஒருவரின் இடுப்பைச் சுற்றி அளவு நாடா பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சிவந்த தாடி, கையில் பச்சை குத்திய நங்கூரம், என்னைப்போல் இரண்டு மடங்கு ஆள். அவருக்கு ஸ்கொட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், முழங்கால் வரை மடிப்பு வைத்த கில்ட் தைக்க வேண்டும். என் வாயில் நாலு குண்டூசி. கூச்சமுள்ளவர்கள் எல்லோரும் தையல் பழகுவது நல்லது. வாயில் ஊசி இருந்தால் ஒருவரும் பதிலை எதிர்பார்க்க மாட்டார்கள்.

தொண்ணூறில் அகதியாக வந்தவள் நான். படித்தது பத்தாம் வகுப்பு வரை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, "அன்ரி, ஒரு கில்ட் கடையிலை ஆள் தேடினம்" என்றபோது கில்ட் நகைக் கடை என்றுதான் நினைத்தேன். பித்தளைக்குப் பொன்பூச்சுப் பூசும் வேலையாக்கும். போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் கட்டம்போட்ட கம்பளி. முதல் நாளே ஒரு வாடிக்கையாளரிடம், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, "வெரி நைஸ் ஸ்கேர்ட், சேர்" என்றேன். அவருடைய முகம் அவித்த இறால்போலச் சிவந்தது. கடைக்காரி மொய்ரா என்னைப் பின்னுக்குக் கூட்டிப்போய், இந்தக் கடையில் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதே, இது ஆயிரம் வருடத்து வீரர்களின் உடுப்பு என்றார். நான் தலையாட்டினேன். ஆயிரம் வருடம் என்று யார் சொன்னாலும் தலையாட்டிப் பழகிய சனம் நாங்கள்.

அந்த ஆயிரம் வருடம் எவ்வளவு என்பது பிறகு தேநீர் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தது. ஆதியில் மலைநாட்டு ஸ்கொட்லாந்துக்காரர் உடுத்தது தைக்காத ஒரு நீளக் கம்பளி. இடுப்பில் பட்டியால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டு, படுக்கும்போது அதையே போர்த்துக்கொள்வார்களாம். பிறகு இரும்புச் சூளை வைத்திருந்த ஓர் ஆங்கிலேயர், வேலையாட்களுக்கு இது இடைஞ்சல் என்று மேல்பாதியை வெட்டிவிட்டாராம். அப்படித்தான் இன்றைய கில்ட் வந்தது என்று ஒரு கதை. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள் என்றபடியால், இந்த இடத்தில் மட்டும் மொய்ராவின் குரல் தாழும். பிறகு ஒரு கலகம் வந்து, லண்டன் அரசு அந்த உடுப்பையே தடைசெய்தது. தடை நீங்கிக் கனகாலத்தின் பின் ஓர் அரசர் தானே கில்ட் கட்டிக்கொண்டு எடின்பரோவுக்கு வந்தார். அவ்வளவுதான், ஆளுக்காள் தங்கள் வம்சத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று நெசவாலைக்கு ஓடினார்கள். அதுவரை ஆலையில் பல கட்டங்களுக்கு வெறும் இலக்கம்தானாம். இலக்கத்தை அழித்துவிட்டுப் பெயரை எழுதினார்கள். நான் நினைத்த கில்ட் நகைக் கடை அவ்வளவு பிழையில்லை.

அந்தக் கட்டத்துக்கு ரார்ட்டன் என்று பெயர். எந்த ரார்ட்டன் எந்த வம்சத்துக்கு என்று சொல்ல மொய்ராவிடம் தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. லொறிக்காரர் வந்ததும் அதற்குத்தான். "நாங்கள் ஆர் ஆக்கள்?" என்பதே அவர் கேட்ட கேள்வியின் தமிழ். அப்பாவின் அப்பா பெயர் என்ன, எந்த ஊர், ஊரில் ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்று மொய்ரா ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தக் கேள்விகள் எனக்குப் பழக்கமானவை.

ஊரில் தையல் ரீச்சர் வீட்டில் நாங்கள் பத்துப் பிள்ளைகள் பழகினோம். ஒன்பது பேருக்குத் தேநீர் கோப்பையில் வரும். எனக்கு ஜாம் போத்தலில் வரும். ரீச்சர் நல்லவர், போத்தலை நன்றாகக் கழுவித்தான் தருவார். லேபலில் பாதி அன்னாசிப்பழம் மட்டும் கடைசிவரை உரியவில்லை. முதல் நாள் அவரும் இப்படித்தான் கேட்டார். எந்த ஊர், எந்தக் கோயிலடி, கோயிலுக்கு எந்தப் பக்கம். மூன்றாவது பதிலோடு போத்தல் தீர்மானமாகிவிட்டது.

லொறிக்காரருக்கு மூன்றாவது பதிலோடு ஒரு கோட்டை கிடைத்தது. முன்னோர், கொடி, போர்க்குரல் எல்லாம் ஒரு நிமிடத்தில். பெயர் அகப்படாமல் அந்தக் கடையில் இருந்து யாரும் திரும்பிப் போனதை நான் கண்டதில்லை. அகப்படாதவர்களுக்கென்றே எல்லோருக்கும் பொதுவான பச்சை நீலக் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வெட்டுத்துண்டை மொய்ரா என் கையில் தந்து, "இது உனக்கும் பொருந்தும்" என்றார். அவருடைய புத்தகம் ஆளை உள்ளே எடுப்பதற்குக் கேட்கிறது. எங்களுடையது வெளியே விடுவதற்குக் கேட்கிறது. எங்களுடையதை யாரும் அச்சடிக்கவில்லை, எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒரு கில்ட்டுக்கு எட்டு யார் துணி போகும். யார் என்றால் மூன்று அடி. எட்டு யாரையும் கட்டம் எங்கும் அறாததுபோல மடித்து மடித்துப் பின்பக்கம் தைக்க வேண்டும். வெளியில் தெரிவது கொஞ்சம், மிச்சமெல்லாம் மடிப்புக்குள். எங்கள் சனமும் விமானத்தில் ஏறும்போது அப்படித்தான் மடித்துக்கொண்டு வந்தது. இங்கே ஒருவரும் வெளிப்படையாக யார் என்று கேட்பதில்லை.

என் மகள் சுகந்தி, தன்னோடு படித்த பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். வோபர்னில் நாங்கள் இருவரும் இருக்கும் அப்பார்ட்மெண்டுக்கு ஒரு ஞாயிறு பின்னேரம் அவனுடைய தாய் பவளமக்கா வந்தார். சம்பந்தம் பேச அல்ல, பட்டு பிளவுஸ் ஒன்றை இளக்கித் தைக்க. ரொறன்ரோவில் தையல்காரிகளுக்கு அவ்வளவு பஞ்சம். பிளவுஸைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார். நான் வாயில் ஊசியோடு அளவு பார்த்தேன்.

"ஊரிலை எவடம் தங்கச்சி?"

ஊசிகளுக்கிடையால் ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அது பெரிய ஊரெல்லே. எந்தக் கோயிலடி? அம்மன் கோயிலடியோ?"

"ம்."

"சும்மா கேட்டனான், பிழையா நினையாதேங்கோ. கனடாவிலை உதெல்லாம் ஆர் பாக்கினம்? கோயிலுக்கு வடக்குப் பக்கமோ, தெற்கோ?"

குசினி வாசலில் தேநீர்த் தட்டோடு சுகந்தி நின்றாள். வடக்கு என்று ஒரு சொல் போதும். ஊரில் சண்டை, போய் விசாரித்துவர ஒருவராலும் முடியாது. எங்கள் தெற்கு வீதியில் அரைவாசி வீடுகளே இல்லை. இலக்கத்தை அழித்துப் பெயர் எழுத இதைவிட நல்ல காலம் வராது. பிள்ளையின் கலியாணம் அந்த ஒரு சொல்லில் தொங்கியது. நான் வாயில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன்.

"தெற்கு, அக்கா. நீங்கள் நினைக்கிற ஆக்கள்தான்."

"ஐயோ, நான் ஒண்டும் நினைக்கேல்லை" என்றார் பவளமக்கா. ஊசி குத்தினபடி பிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். வந்தது மகனின் காரில். தேநீர் ஆறி ஆடை கட்டியது. நாங்கள் கோப்பையில்தான் கொடுத்திருந்தோம்.

"ஏனம்மா? ஒரு பொய் சொல்லியிருக்கலாம்தானே. ஹூ கெயர்ஸ்?" சுகந்தியின் கண் கலங்கியிருந்தது.

"சொன்னால் பிறகு சாகுமட்டும் மடிச்சு வைச்சிருக்க வேணும், பிள்ளை. எட்டு யார்."

அவளுக்கு விளங்கவில்லை. மூன்று கிழமை தாய்க்கும் மகளுக்கும் பேச்சில்லை. நான் லொறிக்காரரின் மடிப்புகளைத் தைத்து முடித்தேன். அவர் வந்து கட்டிப் பார்த்து, கண்ணாடி முன் நின்று அழுதேவிட்டார். எந்த ஆலைக்காரன் எழுதிய பெயரோ, அழுகை உண்மையானது. நான் சிரிக்காமல் இருக்க வாயில் ஊசியைப் போட்டேன். பிறகு பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கிழமைதான் தொலைபேசி வந்தது.

"பிளவுஸ் முடிஞ்சுதே?"

"எப்ப தேவை அக்கா?"

"மாசக் கடைசியிலை. கலியாணத்துக்கு." பவளமக்கா குரலைத் தாழ்த்தினார். "அவன் ஒரே பிடி. ஆரின்ரை கலியாணம் எண்டு என்னைச் சொல்ல வைக்காதேங்கோ."

அன்று பின்னேரம் தையலைப் பிரித்தேன். சுகந்தி பக்கத்தில் இருந்து நூல் கோத்துத் தந்தாள். உள்ளே விட்ட துணி காணாது, அக்குளில் ஒட்டுப்போட வேண்டும். வெளிப்பக்கத்துக்குக் கைவிளிம்பில் இருந்து பட்டு எடுத்தேன். உட்பக்கத்துக்கு ஒரு துண்டு தேவைப்பட்டது. பெட்டியில் நல்ல மெல்லிய லைனிங் துணி இருந்தது. என் கை அதைத் தாண்டி மொய்ரா தந்த பச்சை நீலத்துக்குப் போனது. வெளியே காஞ்சிபுரம், உள்ளே ஸ்கொட்லாந்து, தைத்தது தெற்கு வீதி. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வெளியில் ஒன்றும் தெரியாது. மணவறையில் பவளமக்கா கையைத் தூக்கி அறுகரிசி போட்டு வாழ்த்தும்போது, எல்லோருக்கும் பொதுவான கட்டம் அவருடைய தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

கம்பளி என்றபடியால் கொஞ்சம் கடிக்கும்.