முகில் என்று எழுத வைத்தேன்

வகுப்பில் ஒரு பிள்ளை எழுத வேண்டுமா, கேட்க வேண்டுமா? இரண்டும்தான் என்று நான் சொன்னேன். அதற்கு என் மகள், "ரெண்டையும் ஒரே நேரத்துல எப்படிம்மா செய்றது? எழுதுனா டீச்சர் சொல்றது காதுல விழ மாட்டேங்குது" என்றாள். அந்தக் கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன்.

அவள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். இரண்டாம் தவணையில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அவளுடைய சுற்றாடல் பாடக் கொப்பியைக் காட்டினார். மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடம். மற்றப் பிள்ளைகள் பலகையில் இருந்ததை வரி மாறாமல் எழுதியிருந்தார்கள். என் மகளுடைய பக்கத்தில் தண்ணீர் கொதிக்கிற கேத்தலின் படம் இருந்தது, அதன் மூக்கிலிருந்து மேலே போகும் அம்புக்குறி, பிறகு ஒரு மலை, மலையின் தலையில் பஞ்சு மாதிரி ஏதோ. கீழே, "தண்ணி சூடாகி மேல போகும். குளுந்தா மூட்டமாகும். பாரம் தாங்காட்டி மழ." மலையில் இறங்குகிற மேகத்துக்கு நாங்கள் சொல்லும் அந்த 'மூட்டம்' என்ற சொல்லை டீச்சர் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு 'முகில்' என்று திருத்தியிருந்தார்.

"பிள்ளைக்கு விளங்காம இல்லங்க," என்றார் டீச்சர். "கேட்டா டக்குன்னு சொல்லிடுறா. ஆனா அஞ்சாம் வகுப்புல வர்ற புலமைப்பரிசில் சோதனைப் பேப்பர் திருத்துறவங்க எந்த ஊரோ. அவங்களுக்கு நம்ம மூட்டம் தெரியுமா? நானும் லயத்துப் பிள்ளதான். இந்த மாதிரி சொல்லாலயே மார்க்ஸ் போயி அழுதிருக்கேன். நீங்க ஏ.எல். வரைக்கும் படிச்சவங்க, பக்கத்துல இருந்து எழுத வைங்க. வருச முடிவுல ரெண்டு வகுப்பா பிரிப்போம். கொப்பி இப்படியே இருந்தா, சோதனைக்குப் படிக்கிற வகுப்புல அவள வைக்க முடியாது."

அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

பலகையைப் படமெடுத்து டீச்சர் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பள்ளி விட்டு வந்ததும் போனைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக எழுத வைத்தேன். கேத்தல் வரைந்தால் அழிக்கச் சொன்னேன். தலைப்புக்குக் கீழே அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போடப் பழக்கினேன். நான் படித்த காலத்தில் என் கொப்பிகளை வகுப்பே இரவல் கேட்கும்.

பெக்டரி வேலை முடிந்து வந்த கணவர் கதவடியில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அவ்வளவு அழகா எழுதுனியே, அதுல ஒரு வரி இப்ப சொல்லு பாப்போம்."

"உங்ககிட்ட கொப்பியே இருந்ததில்ல. பேச வந்துட்டீங்க."

"அதுனாலதான் காதால கேட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். தலைப்புகள் ஞாபகம் வந்தன. எந்தப் பாடத்துக்கு எந்த நிறப் பேனை என்பதும் வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. ஆனால் காதால் கேட்ட அவரும் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனையைத் தாண்டவில்லையே. யாரைப் பார்த்து நான் முடிவு எடுப்பது?

கொப்பி திருந்தியது. டீச்சர் நட்சத்திரம் போட்டார். கூடவே ஒன்று சொன்னார்: "இப்ப கை தூக்குறதில்லைங்க. கேள்வியும் கேக்குறதில்ல."

போன வாரம் கடையிலிருந்து நடந்து வந்தபோது, பக்கத்துச் செடிகூடத் தெரியாத அளவுக்கு மூட்டம் இறங்கியது. சும்மா கேட்பது போல, "மழ எப்படி வருதுன்னு சொல்லு" என்றேன்.

"கொப்பியில இருக்கிறதக் கேக்குறீங்களா, எனக்குத் தெரிஞ்சதக் கேக்குறீங்களா?"

"ரெண்டும் ஒன்னுதானே?"

"இல்லம்மா. கொப்பியில, நீராவி ஒடுங்கி முகிலாகும்."

"ஒடுங்கின்னா?"

"நம்ம சட்டி கீழ விழுந்து ஒடுங்கிச்சே, அந்த மாதிரியா இருக்கும். டீச்சர் விளக்கம் சொன்னாங்க. நான் எழுதிக்கிட்டு இருந்தேன்." ஆவி குளிர்ந்து மறுபடி நீராவதுதான் ஒடுங்குவது; 'குளுந்தா மூட்டமாகும்' என்று அவள் முன்பு எழுதியது அதைத்தான்.

"சரி, முகில்னா என்ன?"

"அது மேல இருக்கும். நம்ம ஊருல இல்ல." அந்த மூட்டத்துக்குள்ளேயே தலைமுடியெல்லாம் நனைந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு."

"அதுதான் தப்பாச்சே. விட்டுட்டேன்."

மறுநாள், "முக்கியமான சொல்ல மட்டும் குறிச்சுக்கோ, மத்த நேரம் காது குடுத்துக் கேளு" என்றேன். "முழுசா கேட்டாத்தானே எது முக்கியம்னு தெரியும்?" என்றாள். "அப்ப படம் வரைஞ்சுக்கோ" என்றேன். "நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க?" அதற்குப் பிறகு அவள் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரிக்கும் என் முகத்தைப் பார்க்கிறாள். "இத எழுதவா, வேணாமா?" நான் எழுது என்றாலும் பயம், வேண்டாம் என்றாலும் பயம். பழையபடி விட்டால் சோதனை வகுப்பு போய்விடும். இப்படியே எழுத வைத்தால், அவளுக்குத் தானாக விளங்கியதெல்லாம் போய்விடும்; கொஞ்சம் போயேவிட்டது.

இதை வாசிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், என்னைப் போன்ற தாய்மாரும் இருப்பீர்கள். கேட்டால்தான் விளங்கும் பிள்ளைக்கு எழுதவும் பழக்கியவர்கள் யாராவது இருந்தால், எதை முதலில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். முதலில் அவள் பாஷையில் எழுதவிட்டு, பிறகு புத்தகச் சொல்லைப் பக்கத்தில் போட வைக்கலாமா? அல்லது அது அவளை இன்னும் குழப்புமா? நல்ல மனம் உள்ள அந்த டீச்சரிடம், அவர் மனம் நோகாமல் இதை எப்படிப் பேசுவது? வகுப்பு பிரிக்குமுன் எனக்கு ஒரு வழி வேண்டும். தயவுசெய்து சொல்லுங்கள்.