நான் வெட்டிய கட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைவிடச் சீக்கிரம் எனக்கு வருவது வெட்கம். அது மட்டும் யாருக்கும் தெரியாது.

அப்போது நான் சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சி டாக்டர். மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு மாணவிக்குத் துணையாக, இரண்டு வாரம் நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு கிராம மருத்துவமனைக்கு என்னை அனுப்பினார்கள். நோயாளிகள் சொல்வதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் என் வேலை. அவள் திரும்பிய பிறகு, அவளுடைய ஊர் மருத்துவமனைக்கு நான் ஒரு மாதம் போவதாக ஏற்பாடு. அதனால் நம் ஊரில் எதுவும் அவள் கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டுவிடக் கூடாதென்று, பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டார் முன்னால் பதறுவது மாதிரி பதறிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலை, பெரிய டாக்டர் ராசிபுரத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மஞ்சள் காட்டில் பாம்பு கடித்த ஒருவரை மொபெட்டில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். நல்ல பாம்பு என்று, அவரைப் பின்னாலிருந்து பிடித்தபடி வந்த மனைவி சொன்னார். முழங்காலுக்குக் கீழே சேலைக் கிழிசலைச் சுற்றி, குச்சி செருகி, முறுக்கிக் கட்டியிருந்தது. கால் கருநீலமாக வீங்கியிருந்தது. ஆனால் மனிதர் பேசினார், தண்ணீர் கேட்டார்.

மாணவி அந்தக் கட்டையே பார்த்தாள். இதை இன்னுமா செய்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கோ மானம் கப்பலேறிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன்.

விஷமுறிவு மருந்தைத் தயார் செய்துகொண்டிருந்த நர்ஸ், "சார், மருந்து ஏறட்டுங்க. அப்புறம் மெதுவாத் தளத்திக்கலாங்க," என்றார். அது எனக்கும் தெரியும். கட்டவே கூடாது, கட்டிவிட்டால் சட்டென்று அவிழ்க்கக் கூடாது, தேங்கிய விஷம் மொத்தமாக உடம்பில் ஏறிவிடும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் வெளிநாட்டுக்காரி முன்னால் ஒரு நர்ஸ் எனக்குப் பாடம் சொல்வதா? உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய இமைகள் சரிந்தன. தலை நிற்கவில்லை. மருந்து ஏறத் தொடங்கியும் எச்சிலை விழுங்க முடியாமல் திணறினார். பிறகு மூச்சும் அடங்க ஆரம்பித்தது.

ஆம்புலன்ஸில் சேலம் வரும்வரை அவருடைய மூச்சு எங்கள் கையில் இருந்தது. மாணவி முகமூடியை அழுத்திப் பிடிக்க, நான் மூச்சுப் பையை அமுக்கினேன். கை மரத்துப் போனால் மாற்றிக்கொண்டோம். மல்லூர் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் செத்தால் கொன்றவன் நான். அவருடைய மனைவி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி வந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைத்த பிறகு, எங்கள் சீனியர் டாக்டர் காலிலிருந்த கட்டுத் தடத்தைப் பார்த்தார். திடீரென்று இப்படி மோசமானதென்றால் மருந்து ஏற்றுவதற்கு முன்னாலேயே கட்டை எடுத்திருக்க வேண்டும், எடுத்தது யார் என்று கேட்டார். நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாந்தானுங்க சாமி," என்றார் அந்த அம்மா. "வலி பொறுக்காமக் கத்துனாருங்க. நாந்தான் அறுத்துட்டேனுங்க."

டாக்டர் அவரைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். படிக்காத சனங்களால்தான் பாதி உயிர் போகிறது என்றார். அவர் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். டாக்டர் நகர்ந்ததும் என் பக்கம் வந்து மெல்லச் சொன்னார்.

"உங்களுக்குள்ள சண்டை வந்துட்டா எங்கூட்டுக்காரர ஆருங்க பாப்பாங்க? அவரு பொழச்சாப் போதுங்க."

என்ன சொல்கிறார் என்று மாணவி கேட்டாள். கட்டை வெட்டியது தப்பு என்பதே அவளுக்குத் தெரியாது. நர்ஸ் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. நன்றி சொல்கிறார் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வந்த இடத்தில் கற்றுக்கொண்ட தமிழில், "பரவால்லீங்க," என்றாள்.

ஐந்தாம் நாள் அவர் தானாக மூச்சு விட்டார். பிறகு நடந்தே வீட்டுக்குப் போனார். நானும் ஜெர்மனிக்குப் போய் வந்தேன். கட்டை அறுத்தது மனைவி என்று அவருடைய கேஸ் ஷீட்டில் இருக்கிறது. அதை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்தான்.