முந்நூறு மீட்டர் சாலை

சுமியோ முன்பு பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்து வடகரையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஏழு பேருக்காகப் பள்ளி நடத்த முடியாது என்று மூடிவிட்டார்கள். அடுத்த மாதமே அதே மலைச்சாலையில், அதே வளைவுகளில், டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் வேலை கிடைத்தது. "முன்னாடி பசங்க வாந்தி எடுக்கக் கூடாதுன்னு மெதுவா ஓட்டினேன். இப்ப இவங்களுக்குத் தலை சுத்தக் கூடாதுன்னு மெதுவா ஓட்டுறேன். மொத்தத்துல என் காலம் ரெண்டாவது கியர்லயே போயிடுச்சு" என்று கணவன் இசாவோவிடம் சொல்வாள். அந்த வேலையிலும் எட்டு வருடம் ஓடிவிட்டது.

சிறுநீரகம் போனவர்களுக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. திங்கள், புதன், வெள்ளி என்றால் திங்கள், புதன், வெள்ளிதான். அந்த ஆண்டு புத்தாண்டு திங்கட்கிழமை வந்தது. மாலை நாலு மணிக்கு அவள் மருத்துவமனையிலிருந்து இரண்டு பேரைத் திரும்ப ஏற்றி வந்துகொண்டிருந்தாள். முன்சீட்டில் தோஷிதா, எழுபத்தொன்பது வயது, ஓய்வுபெற்ற தபால்காரர், சர்க்கரையும் உண்டு. பின்னால் யோனெமுரா அக்கா, ஊரில் முப்பது வருடம் பெண்களுக்கு முடிவெட்டியவர்.

"டிரைவரம்மா, இன்னிக்காவது கொஞ்சம் வேகமாப் போயேன். வீட்ல என் பொண்ணு சூப் வச்சிருக்கா" என்றார் தோஷிதா.

"சூப்பா? நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு உங்க பொண்ணுக்குத் தெரியும் ஐயா. மோந்து பார்க்கத்தான் குடுப்பாங்க."

அவர் பதில் சொல்வதற்குள் மூன்று பேரின் கைபேசிகளும் ஒன்றாக நிலநடுக்க எச்சரிக்கையை அலறின. முதல் ஆட்டம் சிறியது. சுமியோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். நாலு நிமிடம் கழித்து வந்ததுதான் பெரியது. வேன் சல்லடையில் போட்டதுபோல ஆடியது. முன்னால் சென்ற ஒரு மீன் லாரிக்கு அப்பால், சாலை ஒரு துணியை உதறியதுபோல மேலெழுந்து, வெடித்து, பள்ளத்தாக்குப் பக்கமாகச் சரிந்து காணாமல்போனது. பின்னால் மலை இறங்கி வந்தது. தேவதாரு மரங்கள் நின்ற நிலையிலேயே நகர்ந்து வந்து சாலையில் படுத்தன.

ஆட்டம் நின்றபோது மிச்சம் இருந்தது முந்நூறு மீட்டர் சாலை. அதில் மூன்று வண்டிகள். மீன் லாரியில் ஹமானோ என்ற நாற்பத்தைந்து வயது ஆள், தனியாக. வெள்ளைக் காரில் கனசாவா நகரத்திலிருந்து பெற்றோரைப் பார்க்க வந்த இகுச்சி தம்பதி. அப்புறம் சுமியோவின் வேன். கைபேசியில் சிக்னல் இல்லை. பனி விழத் தொடங்கியது.

பயத்தை மறைக்க சுமியோ கணக்குப் போட்டாள். இரண்டு பேருக்கும் இன்றுதான் ரத்தம் சுத்தம் செய்தாகிவிட்டது. புதன் வரை தாங்கும். அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டாள். ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிப்போய், புகைக்குழாயை மூடிய பனியைக் கையால் தோண்டி எடுத்தாள். அது அடைத்துக்கொண்டால் புகை உள்ளே திரும்பித் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அன்றிரவு இகுச்சியின் மனைவி வேன் கதவைத் தட்டினாள். அவள் கையில் மாமியாருக்கென்று கொண்டுவந்த புத்தாண்டுச் சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு பை கமலா ஆரஞ்சும் இருந்தன.

"எல்லாரும் பகிர்ந்துக்கலாம்க்கா. பெரியவங்களுக்கு முதல்ல குடுங்க."

சுமியோ பெட்டியைத் திறந்தாள். சர்க்கரைப் பாகில் ஊறிய கருப்பு பீன்ஸ், கடற்பாசிச் சுருள், உப்பில் போட்ட மீன் முட்டை. எட்டு வருடமாக மருத்துவமனைச் சுவரில் சிவப்பு மையில் பார்த்துவந்த, சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியல் அப்படியே அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதில் உள்ள உப்பும் பொட்டாசியமும் வெளியே போக இவர்கள் உடம்பில் வழி கிடையாது. சேர்ந்தால் இதயம் நின்றுவிடும். ஆரஞ்சும் அப்படித்தான்.

"இவங்க ரெண்டு பேரும் இதைத் தொடக் கூடாதும்மா" என்றாள். சொல்லும்போது அவளுக்கே வாயில் எச்சில் ஊறியது. பெட்டியின் ஓரத்தில் இருந்த ஒரு முட்டைச் சுருளை மட்டும் எடுத்து இரண்டாக வெட்டிக் கொடுத்தாள். யோனெமுரா அக்கா தன் பையிலிருந்த இரண்டு மிட்டாயில் ஒன்றைத் தோஷிதாவுக்குத் தந்தார்.

"சாகப்போற வயசுல டயட்டு" என்றார் தோஷிதா.

"வாயை மூடிட்டு மிட்டாயைச் சப்புங்க" என்றார் அக்கா. அவர் தன் இடது முன்கையைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய் அங்கே இருந்தது. ரத்தம் ஓடும் இரைச்சல் கேட்கிறவரை பயமில்லை. குளிரில் அது அடைத்துவிடக் கூடாது என்று சுமியோ தன் கழுத்துத் துண்டை அவிழ்த்து அந்தக் கையில் சுற்றிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது பனி முழங்கால் அளவு இருந்தது. ஹமானோ கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"நான் சரிவு மேல ஏறி அந்தப் பக்கம் போகப் போறேன். ஊர் ஆறு கிலோமீட்டர்தான். அக்கா, உங்க வீடும் அந்தப் பக்கம்தானே? வாங்க, சேர்ந்து போயிடலாம். வீட்டுக்காரர் எப்படி இருக்காரோ."

இசாவோ பழைய ஓட்டு வீட்டில், அடுப்படிக்குப் பக்கத்து அறையில் படுத்திருப்பான். நேற்று மதியம் முதுகு வலி என்றான். சுமியோ மலைச்சரிவைப் பார்த்தாள். பிறகு வேனைப் பார்த்தாள்.

"நீங்க போங்க. டயாலிசிஸ்காரங்க ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொல்லுங்க. புதன்கிழமைன்னு சொல்லுங்க, மறக்காதீங்க. அப்புறம்... எங்க வீட்டை ஒரு எட்டுப் பாருங்க."

"நீ போம்மா. நாங்க என்ன பச்சைக் குழந்தையா?" என்றார் யோனெமுரா அக்கா. அவள் போகவில்லை. ஹமானோ மரங்களைப் பிடித்து ஏறி மறைந்தபோது, போயிருக்கலாம் என்று தோன்றியது. அன்று முழுவதும் அந்த எண்ணம் போகவில்லை.

மதியம் தோஷிதா சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினார். இந்தச் சாலையில் எந்த வீட்டுக்கு எத்தனை கடிதம் என்று ஒப்பித்தார். நெற்றி வியர்த்திருந்தது. அந்தக் குளிரில் வியர்வை. கைகள் உதறின. சுமியோ அவர் சட்டைப் பையைத் துழாவியபோது இன்சுலின் பேனா கிடைத்தது.

"ஐயா, இதைப் போட்டீங்களா? எப்ப?"

"காலைல... எப்பவும் போடுறதுதானே."

சாப்பாடே இல்லாமல் பழக்கத்தில் குத்திக்கொண்டிருக்கிறார். சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. மிட்டாய் இரண்டும் நேற்றே தீர்ந்துவிட்டன. பீன்ஸில் பாகு உண்டு, ஆனால் அந்தப் பெட்டியை இகுச்சி தம்பதி காலையிலேயே காலி செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஆரஞ்சு மட்டும். கொடுக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் போய்விடுவார். கொடுத்தால் நாளை இதயம் நிற்கலாம். கேட்பதற்கு ஒரு நர்ஸ்கூட இல்லை.

"அக்கா, நான் என்ன பண்றது?"

"என்னைக் கேட்காதே. நான் சொன்னா எனக்கு ஆயுசுக்கும் தூக்கம் வராது" என்றார் யோனெமுரா அக்கா. பிறகு ஆரஞ்சுப் பையை அவள் பக்கம் தள்ளி, "உரி" என்றார்.

சுமியோ இரண்டு பழங்களை உரித்து, பிழிந்து, தெர்மாஸ் மூடியில் பிடித்து, சொட்டுச் சொட்டாக அவர் வாயில் ஊற்றினாள். அரை மணி கழித்து அவர் கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டார்.

"புத்தாண்டு ஆரஞ்சு சாப்பிட்டு எட்டு வருஷமாச்சு" என்றார். "இன்னொண்ணு குடேன்."

"கிடையாது."

"கஞ்சப் பிசினாறி."

புதன்கிழமை காலை தோஷிதாவின் கால்கள் வீங்கியிருந்தன. மூச்சு இழுத்தது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். வேனில் டீசல் தீர்ந்திருந்தது. சுமியோ அவர் முதுகில் முதுகு சேர்த்து உட்கார்ந்து, அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

பதினொன்றரைக்கு ஹெலிகாப்டர் வந்தது. ஹமானோ போய்ச் சேர்ந்திருக்கிறான். கயிற்றில் இறங்கிய ராணுவ வீரர் நோயாளிகளின் விவரம் கேட்டார். சுமியோ ஒரு பழைய பயணச் சீட்டின் பின்புறத்தில் எழுதினாள். பெயர், வயது, கடைசி டயாலிசிஸ் திங்கள், இன்சுலின் செவ்வாய் காலை. அங்கே பேனா நின்றது. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. 'கமலா ஆரஞ்சு இரண்டு, செவ்வாய் மதியம், நான் கொடுத்தேன்' என்று எழுதித் தன் பெயரையும் போட்டாள்.

தோஷிதாவை முதலில் தூக்கினார்கள். அவர் கண் திறக்கவில்லை. அடுத்ததாக யோனெமுரா அக்கா, கையில் சுற்றிய துண்டோடு மேலே போனார்.

அன்று மாலை சாலை வேலை ஆட்களோடு சரிவைக் கடந்து சுமியோவும் இகுச்சி தம்பதியும் ஊருக்குப் போனார்கள். சுமியோவின் வீடு தரையோடு படுத்திருந்தது. இசாவோ, முகாமாக மாற்றிய பழைய பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கால் கட்டோடு கிடந்தான். உத்தரத்தின் கீழே பதினாறு மணிநேரம் கிடந்தவனை அக்கம்பக்கத்தார் தோண்டி எடுத்திருந்தார்கள்.

"உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்" என்றான். அவன் அதை அந்த ஒருமுறைதான் சொன்னான்.

தோஷிதா வியாழக்கிழமை விடிகாலையில் கனசாவா ஆஸ்பத்திரியில் இறந்தார். மார்ச் மாதம் சுமியோ அங்கே போய் டாக்டரைப் பார்த்தாள். அவள் எழுதிய சீட்டு தோஷிதாவின் கோப்பில் ஒட்டப்பட்டிருந்தது. "அந்த ரெண்டு பழத்தால இல்லம்மா. குளிரு, பட்டினி, ஏற்கெனவே பலவீனமான இதயம். நீங்க குடுக்கலைன்னா செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். அவள் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள். ரயில் நிலையம் வரை அவர் சொன்னதை நம்பினாள். ரயில் ஏறியதும் நம்ப முடியவில்லை.

தோஷிதாவின் மகள் ஏப்ரலில் தேடி வந்தாள். தற்காலிகக் குடியிருப்பின் வாசலிலேயே நின்று, "அப்பா கடைசியா என்னம்மா பேசினார்?" என்று கேட்டாள்.

"என்னைக் கஞ்சப் பிசினாறின்னு திட்டினார்" என்றாள் சுமியோ. முகம் சுளிப்பாள் என்று நினைத்தாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதாள், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

யோனெமுரா அக்கா கனசாவாவிலேயே தங்கிவிட்டார். மே மாதம் ஜல்லி கொட்டி ஒற்றை வழியாகச் சாலையைத் திறந்தபோது மருத்துவமனை வேறு வேன் அனுப்பியது. ஏறுவதற்கு ஒரே ஒரு நோயாளிதான் இருந்தார், பக்கத்து ஊர் மரத்தச்சர். இசாவோ வேண்டாம் என்றான். சுமியோ காலை ஆறரைக்குக் கிளம்பினாள். உடைந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்தாள். வண்டியை நிறுத்தி, பின்னால் இருப்பவரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இறங்கிச் சாலை ஓரத்தைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டாவது கியரில் ஓட்டிப்போனாள்.