அப்பா குடியை விட்ட கதை

எங்கள் அப்பாவுக்குச் சாராய வாடையே ஆகாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் லேசாகப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால்கூட, பாயசத்துக்குக் காத்திருக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு அரசாங்கம் தேடிப்பிடித்துக் கொடுத்தது சுங்குவார்சத்திரம் மதுக்கடையில் சூப்பர்வைசர் வேலை.

அவர் பி.ஏ. வரலாறு படித்தவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, அதைப் புதுப்பிப்பதையே ஒரு வேலையாகப் பல வருடம் செய்துகொண்டிருந்தவர். மதுக்கடைகளை இனி அரசாங்கமே நடத்தப்போகிறது, பட்டதாரிகளை நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அப்பா தயங்கினார். அம்மா தயங்கவில்லை. கவர்மெண்டு வேலை என்றால் கவர்மெண்டு வேலைதான், விற்பது எதுவாக இருந்தால் என்ன, நீங்களா ஊற்றிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டு, அவருடைய ஒரே நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பினாள்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒவ்வொரு வயலாகக் கம்பெனி போர்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கார் கம்பெனி, கண்ணாடிக் கம்பெனி, அவற்றுக்குத் திருகாணி செய்துகொடுக்கும் கம்பெனி. தெற்கிலிருந்து வந்த பையன்கள் அறைக்கு இத்தனை பேர் என்று பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார்கள். ஷிப்டு முடிந்து பேருந்து நின்றால் பாதிப் பேர் டீக்கடைக்கும் பாதிப் பேர் அப்பாவின் கடைக்கும் போவார்கள். கம்பி வலைக்குள்ளே பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார். லாரியிலிருந்து பெட்டி இறக்கும்போது எப்படியும் ஒன்றிரண்டு பாட்டில் உடையும். அந்த வாடை சட்டையில் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்பக்கமாகப் போய், குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சட்டையை அம்மா தனி வாளியில் ஊறப்போடுவாள்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சரக்குக்கடை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் அழுகிற ரகம் இல்லை. ‘எங்கப்பா விக்கத்தான் செய்வாரு, குடிக்க மாட்டாரு. உங்கப்பா?’ என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். என் கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான். அதை வைத்துக்கொண்டு நான்காம் வகுப்பு முழுக்கச் சமாளித்துவிடலாம் என்று இருந்தேன்.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த சமயத்தில்தான் அப்பாவுக்கு வலி வந்தது. வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே பிடிக்கும், முதுகு வரைக்கும் இழுக்கும். எண்ணெய்ப் பலகாரம் தின்றால் கட்டாயம் வரும். முதலில் வாயு என்று பூண்டைச் சுட்டுத் தின்றார். பிறகு சுங்குவார்சத்திரத்திலேயே இருந்த ஒரு டாக்டரிடம் போனார். கடையைச் சாப்பாட்டு நேரத்துக்கு விற்பனையாளரிடம் விட்டுவிட்டு அப்படியே போனதுதான் அவர் செய்த தப்பு. அன்று காலையில் ஒரு பெட்டியே கீழே விழுந்திருந்தது.

அங்கே நடந்தது அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் முதலில் உட்காருங்க என்றாராம். என்ன வேலை என்று கேட்டாராம். அப்பா சொன்னதும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு அடிப்பே என்று கேட்டாராம். உட்காரும்போது இருந்த மரியாதை இரண்டு நிமிடத்தில் காணாமல் போய்விட்டது. பழக்கமே இல்லை என்று அப்பா சொல்ல, டாக்டர் சிரித்துவிட்டு, இந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள் என்றாராம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை. அடுத்து ஸ்ரீபெரும்புதூரில் பெரிய படிப்புப் படித்த ஒரு டாக்டரிடம் போவதாக முடிவானது. இந்தத் தடவை அம்மா ஏற்பாடுகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு விடுப்பு போட வைத்து, தலைக்குக் குளிக்கச் சொல்லி, சலவைச் சட்டை கொடுத்து, நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டாள். வயிற்றைப் புரட்டுகிறது என்று சொன்னதால் வாயில் அடக்கிக்கொள்ள இரண்டு கிராம்பும் கொடுத்தாள். கேட்டால் கம்பெனியில் வேலை என்று சொல்லிவிடுங்கள் என்று ஒரு யோசனையும் சொன்னாள். அதற்குமட்டும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“நான் இன்னா திருட்டுத்தொழிலா செய்றேன்? கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்” என்றார்.

அழைத்துப்போனது மாமா. அம்மாவின் தம்பி. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கார் உதிரிபாகம் செய்யும் லைனில் இருந்தார். காலை ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்ததால் நீலச் சீருடையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக இருந்தார். போகிற வழியில் பப்ஸ் வாங்கித் தருவார் என்பதால் நானும் அடம்பிடித்து அவர் பைக்கின் பெட்ரோல் டாங்கில் ஏறிக்கொண்டேன். மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடிப்பார். ஆனால் அக்கா புருஷன் கடையில் வாங்கினால் மரியாதையாக இருக்காது என்று, வண்டியை எடுத்துக்கொண்டு படப்பை வரைக்கும் போய்க் குடித்துவிட்டு வருவார். அன்று திங்கட்கிழமை. அவர் கண்கள் இன்னும் சிவந்தே இருந்தன.

இந்த டாக்டரும் தொழிலைக் கேட்டார். அப்பா உள்ளதைச் சொன்னார். டாக்டர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

“கிராம்பா? வாடைய மறைக்கிறதுக்கு எல்லாரும் பண்றதுதான்” என்றார்.

முதல் டாக்டரிடம் வாடையோடு போனது குற்றமாயிற்று, இவரிடம் வாடை இல்லாமல் போனது குற்றமாயிற்று. அம்மா பூசிவிட்ட விபூதியையும் அவர் அதே கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு அவர் பார்வை மாமாவின் சீருடைமேல் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது. எந்தக் கம்பெனி, என்ன தயாரிக்கிறீர்கள், பார்க்கிங் சென்சார் நம் ஊரிலேயே செய்கிறார்களா, தான் வாங்கப்போகும் காரில் அதைப் பொருத்தலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட மாமா எல்லாவற்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். வலியோடு உட்கார்ந்திருந்த பி.ஏ. பட்டதாரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் டாக்டர் மாமாவிடம் சொன்னார். “நீங்க படிச்ச புள்ளையா, நல்ல பழக்கவழக்கமா இருக்கீங்க. உங்கள மாதிரி ஆளுங்க சொன்னாதான் இவங்க கேப்பாங்க. கொஞ்சம் கண்டிச்சு வைங்க தம்பி.”

“சரிங்க சார்” என்றார் மாமா. வேறு என்ன சொல்ல முடியும்?

வெளியே வந்ததும் மாமா அப்பாவுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்காமலேதான் கொடுத்தார். எனக்குப் பப்ஸ் வாங்கித் தர மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தியபோது அப்பாதான் தன் பையிலிருந்து எடுத்து வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அப்பாவின் கண் மஞ்சளாகிவிட்டது. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துப் பார்த்தாள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமா ஓர் ஆட்டோவைப் பிடித்து எங்களைக் காஞ்சிபுரத்துக்கு ஏற்றிவிட்டு ஷிப்டுக்குப் போனார். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் ஆட்டோவில் இருந்தேன். மேடுபள்ளம் வந்தபோதெல்லாம் அப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார். அந்த அழுத்தத்திலிருந்துதான் அவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வயதானவர், நிதானமானவர். கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. நோயாளி உண்மையைச் சொன்னால் பாதி நோய் குணமான மாதிரி என்று நம்புகிறவர் போலிருந்தது. வேலை என்ன என்று கேட்டார். கண்ணை இழுத்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

“எத்தன வருஷப் பழக்கம்? மறைக்காம சொல்லு. அப்பதான் நான் வைத்தியம் ஆரம்பிக்க முடியும்” என்றார்.

இல்லை என்றார் அப்பா. டாக்டர் காத்திருந்தார். அம்மா குறுக்கே வந்து, அவர் தொட்டதே இல்லை, என் பெண் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்று என்னை முன்னால் இழுத்தாள். எல்லா மனைவிகளும் இதைத்தான் சொல்கிறார்கள், கடைசியில் தாலியை அறுத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று டாக்டர் மிகுந்த அனுதாபத்தோடு சொன்னார். அம்மா என்னைப் பிடித்திருந்த கையை விட்டாள். வெளியே வராந்தாவில் வரிசை நீண்டிருந்தது. அடுத்த ஆளை அனுப்பலாமா என்று கதவருகே நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“குடிப்பேங்க. தெனமும் குடிப்பேன். போன வாரந்தான் விட்டேன்.”

டாக்டரின் முகம் கனிந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். எது, எவ்வளவு என்று கேட்டார். அப்பா ஒரு பிராண்டியின் பெயரைச் சொல்லி, குவார்ட்டர் என்றார், சில நாள் அரை என்றார். கொஞ்சமும் தடுமாறவில்லை. எப்படித் தடுமாறுவார், அந்தப் பெட்டிகளை எண்ணி அடுக்குவதுதானே அவர் வேலை. டாக்டர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, “படுப்பா, பாக்கலாம்” என்று கட்டிலைக் காட்டினார்.

இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு டாக்டர் அப்பாவின் வயிற்றில் கை வைத்தார். வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். அப்பா பாதி மூச்சில் அலறிவிட்டார். டாக்டர் மறுபடியும் அழுத்திப் பார்த்தார். வேகமாக ஒரு சீட்டு எழுதி, உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தப்பையில் கல். ஒன்று நழுவிப் போய்ப் பித்தம் வரும் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்து என்றார்கள். வயிற்றைத் திறந்து எடுத்தார்கள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் டாக்டர் வார்டுக்கு வந்தபோது, இந்தக் கல் குடியினால் வருவதா என்று அம்மா கேட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையம்மா, யாருக்கு வேண்டுமானாலும் வரும் என்றார் அவர். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர் அப்பாவின் தோளைத் தட்டி, எப்படியோ, குடியை விட்டாய் பார், அது பெரிய விஷயம், மறுபடி தொடாதே என்றார். படுத்திருந்தபடியே அப்பா கை கூப்பினார். டாக்டர் போனபிறகு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பின்னால் இருந்து தெரியவில்லை.

எனக்கு அப்பாமேல் தாங்க முடியாத கோபம். உயிர் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு வந்த கோபம். தினமும் குவார்ட்டர் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கொல்லைப்பக்கம் வந்து குளித்திருக்கிறார். அவரை நம்பி நான் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறேன். இனி யாராவது சரக்குக்கடை என்றால் நான் என்ன சொல்வேன்? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கொடுத்த பன்னையெல்லாம் தின்றுகொண்டிருந்தேன்.

தையல் பிரிப்பதற்கு முந்தைய நாள் அம்மா காபி வாங்கக் கீழே போயிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நகர்ந்து நகர்ந்து அப்பாவின் தலைமாட்டுக்குப் போனேன்.

“ஏம்பா, நீ எப்பப்பா குடிச்ச?” என்று கேட்டேன்.

அப்பா என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“அந்த டாக்டர் கேட்டாரு பாரு, அப்பதாம்மா குடிச்சேன்” என்றார்.

நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அங்கே யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சின்னப் பெண் என்று ஏமாற்றுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொல்லாதே என்று அவர் கையைத் தள்ளிவிட்டேன். அப்பா சிரிக்கத் தொடங்கினார். சத்தம் வராமல், உடம்பு மட்டும் குலுங்கச் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“தையல் வலிக்குதாப்பா?” என்றேன்.

“ஆமாம்மா” என்றார்.

அதையும் நான் நம்பினேன்.