கேட்டுவிட்டுக் கோப்பை கழுவியவர்

செவ்வாய்க்கிழமை காலை வருகைப் பதிவைத் திறந்தபோது தவம் அண்ணையின் பெயருக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது. ஆறு மணி வேலைக்கு ஐந்து ஐம்பதுக்கே அட்டையைக் காட்டிவிடுகிறவர் அவர். யாருக்காவது சுகமில்லை என்றால் தொலைபேசி முதலில் சம்பளப் பிரிவுக்குத்தான் வரும். அங்கே இருப்பது நான். ஏழரைக்கு அவருடைய மனைவி அழைத்தார். "தங்கச்சி, அவர் இனி வேலைக்கு வரமாட்டார் எண்டு முதலாளியிட்டைச் சொல்லிவிடுங்கோ," என்றார். குரல் தெளிவாக இருந்தது. வேலையை விடப்போகிறார் என்று நினைத்து, அதற்கு எழுத்தில் கடிதம் தரவேண்டும் என்றேன். "ராத்திரிப் படுத்தவர் விடிய எழும்பேல்லை," என்றார்.

நான் கடிதம் கேட்டதை அவரைத் தெரிந்து இந்த அஞ்சலிக் கட்டுரையை வாசிக்கும் உங்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். தவம் அண்ணை கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இங்கே சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனுக்குப் பக்கத்தில், வைத்தியசாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் துணி வெளுக்கும் எங்கள் சலவை நிலையத்தில் அவர் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தார். அழுக்குத் துணி வந்திறங்கும் பக்கம்தான் அவருடைய இடம். அதோடு தொழிற்சங்கத்தின் ஆளும் அவர்தான். சங்கத்துக்கும் நிலையத்துக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் உண்டு. பதின்மூன்றாம் மாதச் சம்பளம், சனிக்கிழமை வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வாரம் கூடுதல் விடுமுறை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் அவை ஒன்றுபோலவே கிடைக்கும். சந்தா கட்டுவது சேர்ந்தவர்கள் மட்டும்தான். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான். அவரையும் என்னையும் பல வருடங்கள் வாதாட வைத்தது அது.

அவர் ஆள் சேர்க்கும் முறையை நேரில் பார்த்தவர்கள் உங்களில் பலர். ஒன்பது மணி இடைவேளையில் சேர்வதற்கான படிவத்தை ஒருவருக்கு முன்னால் வைப்பார். இரண்டு வசனம் சொல்வார். பிறகு தன்னுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பிவிடுவார். ஒரு கோப்பையை அவ்வளவு நேரம் கழுவுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் திரும்பும்போது படிவம் மேசையில் இருந்தால் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் அந்த ஆள் அதைக் கொண்டுபோய்விட்டார் என்று அர்த்தம். எப்படியிருந்தாலும் அதே ஆளிடம் இரண்டாவது தடவை கேட்கமாட்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே எனக்குச் சொன்னார். இலங்கையில் சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, வீடுகளுக்குப் போய்ச் சங்கத்தைப் பற்றிக் கதைத்தால் நல்லது என்று சங்கச் செயலாளர் ரெகுலா சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் படிவங்களோடு ஒரு தமிழ் வீட்டுக்குப் போனார்கள். மணியை அடித்ததும் உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், "போன மாசமே குடுத்திட்டம் எண்டு சொல்லு," என்று யாருக்கோ சொன்னது. ரெகுலாவுக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் ஆள் இல்லைப்போல, இன்னொரு நாள் வரலாம் என்றார். தவம் அண்ணை படியிறங்கினார். அதன்பிறகு யாருடைய வீட்டு மணியையும் அவர் அடிக்கவில்லை.

"சண்டைக் காலத்தில இயக்கத்துக்கெண்டு அந்த வீட்டுக்குக் காசு கேட்டுப் போனது நான்தான்," என்று என்னிடம் சொன்னார். "கையில கடுதாசியோட என்னைக் கண்டால் அவைக்கு வேற என்ன நினைவு வரும், சொல்லுங்கோ?"

சில வருடங்களுக்கு முன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர்கூட உங்களிடம் இல்லையே, யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று நிர்வாகம் சங்கத்திடம் கேட்டது. ரெகுலா ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கத்தில் சேராதவர்களின் சம்பளத்திலிருந்தும் மாதம் ஒரு சிறு தொகையைக் கழித்துச் சங்கத்துக்குக் கொடுப்பது. சேரச் சொல்லி யாரையும் வற்புறுத்துவதில்லை. பயன் பெறுகிறவர்கள் செலவில் ஒரு பங்கைத் தருகிறார்கள், அவ்வளவுதான். நிர்வாகமும் மறுக்கவில்லை. எனக்கு அது நியாயமாகப் பட்டது. தவம் அண்ணைக்குப் படவில்லை.

ஒருநாள் விடுமுறைப் படிவம் கொடுக்க என் அறைக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"அண்ணை, சேராத ஆக்களும் அதே பதின்மூண்டாம் மாதச் சம்பளத்தை எடுக்கினம்தானே?"

"எடுக்கட்டும்."

"எடுக்கட்டும் எண்டால் சங்கம் எப்பிடி நிக்கிறது?"

"கேட்டுத்தான்."

"இது வரி மாதிரி அண்ணை. எல்லாருக்கும் பொதுவான காரியம். எல்லாரும் குடுக்கத்தானே வேணும்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "இதே வசனத்தைத்தான் தங்கச்சி நானும் ஒவ்வொரு கதவிலயும் சொன்னனான். ஒரு சொல்லும் மாறேல்லை."

அமெரிக்காவின் சில மாநிலங்களில் இப்படிக் கழிப்பதற்கு எதிராகவே சட்டம் இருக்கிறது என்றும், அதை வேலைக்கான உரிமை என்று அழைக்கிறார்கள் என்றும் சொன்னேன். சேராமல் இருப்பது தனிமனித சுதந்திரம் என்பது ஒரு தரப்பு. அந்தச் சட்டம் சங்கங்களை மெலியவைத்துக் கடைசியில் எல்லோருடைய சம்பளத்தையும் கீழே இழுக்கிறது என்பது மறு தரப்பு. "நீங்கள் முதலாளிமாருக்குப் பிடிச்ச பக்கத்தில நிக்கிறியள் அண்ணை," என்றேன்.

அவருக்கு அது சுட்டிருக்க வேண்டும். ஆனால் குரலை உயர்த்தவில்லை. "அந்தச் சட்டம் போட்டவன் இடைவேளையில வந்து ஆக்களிட்டைக் கேக்கிறானோ? கேக்கமாட்டான். ஆரும் சேராமல் விட்டால் அவனுக்குச் சந்தோசம். நான் கட்டாயம் வேண்டாம் எண்டுறன். ஆனால் நாளைக்கும் போய்க் கேப்பன். ரெண்டும் ஒண்டோ?"

எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பினார். "சம்பளத்தில கழிச்சால் உங்களுக்கு வசதிதான் தங்கச்சி. ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லத் தேவையில்லை."

நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம் அவர் எனக்கும் ஒரு படிவம் வைத்திருந்தார். அவர் கோப்பை கழுவி முடிப்பதற்குள் நான் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது என் மேசை இழுப்பறையில், கையெழுத்தில்லாமல் கிடந்தது. வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததில்லை. முடிவெடுக்காமலே அந்த ஒப்பந்தத்தின் எல்லாப் பயன்களையும் அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

வாக்கெடுப்பு சாப்பாட்டு அறையில் நடந்தது. போர்த்துக்கேயரும் கொசோவோக்காரரும் இருந்தார்கள். பாதிக்கு மேல் தமிழர்கள். ரெகுலாவுக்காக மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தவம் அண்ணை எழும்பிக் கதைத்தார்.

"சண்டை நடக்கேக்க உங்கட கதவுகளைத் தட்டினனான். இஞ்ச அது தெரியாத தமிழர் ஒருத்தரும் இல்லை. விருப்பமில்லாமல் தந்தவையும் இருக்கிறியள். இன்னொருக்கா, கேக்காமல் ஆரின்ரை சம்பளத்திலயும் கைவைக்க நான் கை உயர்த்தமாட்டன். சேருங்கோ எண்டு வந்து கேப்பன். ஒருக்காத்தான் கேப்பன்."

பின்னாலிருந்து ஒருவர், "அண்ணை, அப்ப மாதிரி தராத ஆக்களின்ரை லிஸ்ட் எழுதமாட்டியளே?" என்றார். தமிழர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"எழுதமாட்டன் எண்டு சொன்னால் நம்புவியளே?" என்றார் தவம் அண்ணை. "இருந்து பாருங்கோ."

எந்தக் கதவு, என்ன பட்டியல் என்று ரெகுலா கேட்டார். ஜெர்மன் மொழியில் நான்கு வசனங்களில் சொன்னேன். அவர் தவம் அண்ணையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார். கைகளை எண்ணியபோது அந்த யோசனை தோற்றது.

அதன் விளைவையும் சொல்ல வேண்டும். அவரைப் புகழ மட்டும் எழுதுவதென்றால் இதை விட்டுவிடலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, ஆனால் அதற்குப் பிறகு வேலைக்கு வருகிறவர்களுக்குச் சனிக்கிழமைக் கொடுப்பனவு இல்லை என்று நிர்வாகம் ஒரு வரி சேர்த்தது. அதை எதிர்த்து நிற்கும் பலம் சங்கத்துக்கு இருக்கவில்லை. அதனால் இன்று ஒரே இயந்திரத்தில், ஒரே சனிக்கிழமையில், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு சம்பளம். அந்த வித்தியாசத்தை மாதாமாதம் கணினியில் பதிகிறவள் நான். அவர் சொன்னபடி நடந்திருக்காவிட்டால் அந்த வரி வந்திராது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சுகந்தி அந்த வரிக்குப் பிறகு வந்தவர். ஈர விரிப்புகளை அழுத்தித் தரும் பெரிய உருளையில் வேலை. வந்த சில மாதங்களில் தவம் அண்ணை அவருக்கு முன்னால் படிவத்தை வைத்தபோது நானும் அந்த மேசையில் இருந்தேன். சுகந்தி அதைத் தொடவில்லை.

"அண்ணை, நீங்கள் சுதந்திரம் எண்டு கதைச்சியளாம். உங்கட சுதந்திரத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் காசு கட்டுறன்."

மேசையில் இருந்தவர்கள் சாப்பாட்டைப் பார்த்தார்கள்.

"ஓம், அது உண்மை," என்றார் அவர். கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது படிவம் அங்கேயே இருந்தது.

பிந்தி வந்தவர்களின் சனிக்கிழமைக் கொடுப்பனவைத் திருப்பி எடுப்பதுதான் அவருடைய மிச்ச வருடங்களின் வேலையாக இருந்தது. போர்த்துக்கீச மொழியில் பத்து வசனம் பாடமாக்கினார். இரவு வேலைக்காரரைப் பிடிப்பதற்காக ஒரு மணித்தியாலம் முந்தி வந்தார். ஒரு தடவை கேட்பது, முதுகைக் காட்டுவது என்ற விதியை மட்டும் மாற்றவில்லை. "ஒருக்காக் கூடக் கேட்டால் என்ன குறையும்?" என்று ரெகுலா அலுத்துக்கொண்டதை நானே அவருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். "ரெண்டாந்தரம் கேட்டால் அது கேள்வியில்லை," என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். கட்டாயத்தால் ஒரே நாளில் வந்திருக்கக்கூடியது அவருக்கு வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்தது. உறுப்பினர்கள் கூடினார்கள் என்று ரெகுலா சொல்கிறார். போதுமான அளவுக்குக் கூடினார்களா என்பது வரும் இலையுதிர்காலத்தில் தெரியும். அப்போது ஒப்பந்தம் மறுபடியும் மேசைக்கு வருகிறது. எத்தனை பேர் என்று நிர்வாகம் மறுபடியும் கேட்கும். பதில் சொல்ல அவர் இருக்கமாட்டார்.

இறுதிக் கிரியைக்கு வந்தவர்களில், அந்தக் காலத்தில் அவருக்குக் கதவு திறக்காதவர்களும் இருந்தார்கள். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "கடிதம் வேணுமெண்டியள், இப்பவும் வேணுமோ?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். அந்த வாரம் இழுப்பறையில் கிடந்த படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். தாள் ஓரங்களில் மஞ்சளித்திருந்தது. அவர் இருக்கும்போது செய்திருக்க வேண்டிய காரியம்.

எங்கள் வாதத்தில் யார் சரி என்ற கேள்வியை நான் இன்னும் மூடவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, மற்றவர் மறுப்பதற்கு இடம் விட்டுத் திரும்பி நிற்பது. செய்து பார்க்கும்வரை அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது.

போன வியாழக்கிழமை இடைவேளையில் சாப்பாட்டு அறைக்குப் போனேன். சுகந்தி தனியாக இருந்தார். ஒரு புதுப் படிவத்தை அவருக்கு முன்னால் வைத்தேன். இலையுதிர்காலத்தைப் பற்றி இரண்டு வசனம் சொன்னேன். பிறகு என் கோப்பையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். முதுகில் அவருடைய பார்வை இருப்பது தெரிந்தது. ஒரு கோப்பையில் கழுவுவதற்கு எவ்வளவுதான் இருக்கிறது? குழாயை மூடினேன்.

"அக்கா, அண்ணை இவ்வளவு கெதியா முடிக்கிறேல்லை," என்றார் சுகந்தி, பின்னாலிருந்து. "இன்னும் கொஞ்சம் கழுவுங்கோ."

குழாயை மறுபடியும் திறந்தேன்.